இடது பக்கம் நகர்ந்த அச்சு

என் மகன் காரைத் தாழ்த்திக்கொண்டு வந்து நிறுத்திய மாலையில் நான் முதலில் பார்த்தது, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவிலிருந்த இடைவெளியைத்தான். முன்பெல்லாம் அதில் என் நான்கு விரல்களும் தாராளமாக நுழையும். அன்று ஒன்றரை விரல்கூடச் சிரமப்பட்டுத்தான் போயிற்று.

"கைக்குடா இதெல்லாம்? எதுக்கு?" என்றேன்.

"லுக்குக்குப்பா. ஸ்பிரிங்ல ஒன்றரைச் சுத்து அறுத்தாச்சு. இப்பப் பாரு, ரோட்ட ஒட்டி எப்படி ஒக்காந்திருக்குன்னு."

அவன் சொன்னது சரிதான், உட்கார்ந்துதான் இருந்தது. அடிபட்ட நாய் உட்காருவதுபோல, ஒரு பக்கமாக.

அது நான் ஓய்வுபெற்ற வருடம் வாங்கிய சின்னக் கார். இரவில் தூரப்பார்வை மங்கத் தொடங்கியதும் மகனிடம் கொடுத்துவிட்டேன். குஷாய்குடாவுக்குப் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் என் வேலையே சரிபார்ப்பதுதான். மற்றவர்கள் செய்து அனுப்புவதை நான் அளந்து பார்ப்பேன். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மாடிப்படி பதினேழு, பால்காரர் அடிக்கும் மணி இரண்டு, என் மனைவி தோசைக்கல்லில் ஊற்றும் எண்ணெய் மூன்று சுற்று. எண்ணாமல் இருந்தால் எனக்கு உள்ளுக்குள் எதுவோ தவறிப்போவதுபோல இருக்கும்.

மறுநாள் காலை ஒரு நூலில் பெரிய நட்டு ஒன்றைக் கட்டி, பின்மட்கார்டின் விளிம்பிலிருந்து தொங்கவிட்டேன். வலப்பக்கச் சக்கரம் நூலுக்கு உள்ளே வெகுதூரம் போயிருந்தது. இடப்பக்கச் சக்கரம் நூலைத் தொட்டுவிடும்போல வெளியே வந்திருந்தது. பின்னச்சு முழுவதுமே ஒரு விரல் அளவு இடப்பக்கம் நகர்ந்திருந்தது.

காரணம் அடியில் குனிந்து பார்த்தால் தெரியும். அந்த வகைக் காரில் பின்னச்சு பக்கவாட்டில் அசையாமலிருக்க ஒரு நீளக்கம்பி குறுக்கே போகிறது. அதன் ஒரு நுனி காரின் உடம்பில், மறுநுனி அச்சில். கம்பி சாய்வாக இருக்கும். உடம்பு கீழே இறங்கினால் கம்பி படுக்கும்; படுத்தால் அச்சைத் தள்ளும். ஸ்பிரிங்கை அறுத்தவன் கம்பியை மறந்துவிட்டான்.

மகன் ஒரு தாளை நீட்டினான். சக்கரக் கோணங்களைக் கம்ப்யூட்டரில் பார்த்துத் தந்தது. எல்லாம் பச்சை.

"மெஷின் பச்சைங்குது. உன் நூல் என்னப்பா சொல்லுது?"

"மெஷின் கோணத்தைப் பார்க்குது. நான் இடத்தைப் பார்க்கிறேன். நாலு சக்கரமும் நேரா நிக்குது, ஆனா பின்னாடி ரெண்டும் வேற இடத்துல நிக்குது."

ஜன்னலிலிருந்து மருமகள் சிரித்தாள். அவளுக்கு அப்போது ஒன்பதாம் மாதம்; நடக்கும்போது ஒரு கை எப்போதும் இடுப்பில் இருக்கும். "மாமா, நக்கோ மாமா, வேணாம். நூல் கட்டிட்டே இருந்தீங்கன்னா ஞாயித்துக்கிழமை நான் ஆட்டோலதான் போவேன்."

ஞாயிறன்று வளைகாப்பு. அது முடிந்ததும் அவளைப் பாலாநகரிலுள்ள தாய்வீட்டுக்கு அழைத்துப்போவதாக ஏற்பாடு. டயருக்கும் மட்கார்டின் உள்விளிம்புக்கும் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறதே, திங்கட்கிழமை சரிசெய்துகொள்ளலாம் என்று நானும் இறங்கிவந்தேன். அளந்தபோது கார் காலியாக இருந்தது என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் கிளம்ப வேண்டும் என்று பெண்கள் அவசரப்படுத்தினார்கள். மகன் ஓட்ட, சம்பந்தி முன்னால். பின்னால் சம்பந்தியம்மா, நடுவில் என் மனைவி, இடப்பக்க ஜன்னலோரம் மருமகள். டிக்கியில் சீர்த்தட்டுகள், பித்தளைப் பாத்திரங்கள், ஐந்து வகைச் சித்திரான்னம். எனக்கு இடமில்லை, வீட்டில் இருக்கும் விருந்தாளிகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

பக்கத்து வீட்டம்மாள் ஆரத்தி சுற்றி, அந்தச் சிவப்பு நீரைக் கார் முன்னால் ஊற்றினார். கார் அதன்மேல் ஏறி நேராகத் தெருமுனைக்குப் போயிற்று. திரும்பும்போது இடது பின்சக்கரத்தைப் பார்த்தேன். அதன் மேற்பாதி மட்கார்டுக்குள் போய்விட்டிருந்தது.

சிமெண்ட் தரையில் ஈரத் தடங்கள் இருந்தன. வலப்பக்கம், முன்சக்கரத் தடத்துக்கு உள்ளே பின்சக்கரத் தடம். இடப்பக்கம், பின்சக்கரம் முன்சக்கரத்தைத் தாண்டி வெளியே ஒரு தனிச் சிவப்புக் கோடு போட்டிருந்தது. குனிந்து விரல் வைத்தேன். ஒன்றரை விரல். காலியாக இருந்தபோது ஒன்றுதான்.

"என்ன அங்கிள், ஏதாவது தொலைஞ்சுபோச்சா?" என்று பக்கத்து வீட்டம்மாள் கேட்டார். விரலைத் துடைத்துக்கொண்டு மகனுக்குப் போன் போட்டேன்.

அவன் எடுக்கவில்லை. மனைவியை அழைத்தேன்.

"இப்பத்தானே கெளம்பினோம். அதுக்குள்ள என்ன?"

"வண்டியை நிறுத்தச் சொல்லு. இடது பின்டயர் உரசுது."

"ஏங்க, பிள்ளத்தாச்சிப் பொண்ணக் கூட்டிட்டுப் போறோம். நடுவழியில நிக்கக்கூடாது. ராகுகாலம் வேற வந்தாச்சு. நீங்க பந்திப்பாய மடிச்சு வையுங்க." வைத்துவிட்டாள்.

பிறகு மருமகளை அழைத்தேன். எடுத்தவள் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"மாமா, ஒவ்வொரு வேகத்தடைலயும் எனக்குக் கீழ சர்ருன்னு ஒரு சத்தம். ரப்பர் தீயுற வாசனையும் வருது. சொன்னேன், யாரும் கேக்கல. சாம்பிராணி வாசனைங்குறாங்க அம்மா."

"எங்க இருக்கீங்க?"

"திருமலகிரி தாண்டியாச்சு. ரோடு காலி. வேகமாப் போறாரு."

"எப்படியாவது நிறுத்த வைம்மா."

அவள் போனை வைக்காமலே உரக்கச் சொல்வது கேட்டது. "ஏங்க, எனக்கு அவசரம். பாத்ரூம் போகணும். இப்பவே. ஹவ், ஆமா, இப்பவேதான். அந்தப் பெட்ரோல் பங்க்ல நிறுத்துங்க."

அதற்கு எதிராக எந்தச் சாஸ்திரமும் இல்லை. நின்றார்கள்.

கால்மணி நேரம் கழித்து மகன் ஒரு படம் அனுப்பினான். இடது பின்டயரின் வெளித்தோளில் சுற்றிலும் கத்தியால் கீறியதுபோல ஒரு வெட்டு. அதற்குள் வெள்ளையாக நூலிழைகள். அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலேதான் அவள் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து இரண்டு ஆட்டோக்களில் பாலாநகர் போனார்கள். என் மனைவி வழியெல்லாம் சகுனத்தைத் திட்டிக்கொண்டே போனாளாம்.

ஸ்பிரிங்குகளைப் பழையபடி மாற்றிவிடு என்றேன். மகன் அதற்கு மட்டும் இறங்கவில்லை. பாலாநகரில் ஒரு லேத் பட்டறையில், குறுக்குக் கம்பியை நடுவில் அறுத்து, வெட்டிய இரு நுனிகளிலும் திருகு மரை போட்டு, நட்டுகளால் இணைத்து, நீளத்தைக் கூட்டிக் குறைக்கும்படி செய்து தந்தார்கள்.

"டென்ஷன் நக்கோ சாப்," என்றார் பட்டறைக்காரர். "இதுல யானைய ஏத்துங்க."

"யானை வேண்டாம். பின்சீட்டுல மூணு பேரை ஏத்துங்க."

அவர் சிரித்தார். பிறகு தன் ஆட்கள் மூவரை உள்ளே உட்காரவைத்தார். நான் இரண்டு பக்கமும் நூல் தொங்கவிட்டு, கம்பியைத் திருப்பத் திருப்ப அளந்தேன். இரண்டு நூலிலிருந்தும் டயர் ஒரே தூரத்துக்கு வந்ததும் நட்டுகளை இறுக்கினார்கள். அச்சு நடுவுக்கு வந்துவிட்டது. எனக்குத்தான் நிம்மதி வரவில்லை. ஒரே கம்பியாக இருந்தது இப்போது இரண்டு துண்டு. இரண்டையும் பிடித்துக்கொண்டிருப்பவை இரண்டு நட்டுகள்.

எங்கள் ஆலையில் ஒரு நட்டை இறுக்கியதும், நட்டின்மேலும் கம்பியின்மேலும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு இழுப்போம். நட்டு தளர்ந்தால் கோடு உடையும். கருவி எதுவும் வேண்டாம், பார்த்தாலே தெரியும். பட்டறையிலிருந்து மருமகளின் தாய்வீட்டுக்குப் போய், அவளிடம் சிவப்பு நகப்பூச்சு வாங்கி இரண்டு நட்டுகளிலும் கோடு இழுத்தேன். அன்றிலிருந்து தினமும் காலையில் காருக்குப் பின்னால் பழைய பாயை விரித்துப் படுத்துப் பார்ப்பேன். குடியிருப்பில் இருப்பவர்கள் யோகாசனம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பேத்தி பிறந்தாள். மூன்றாம் மாதம் தாயையும் பிள்ளையையும் அழைத்துவர நாள் பார்த்தார்கள். மகன் காரைக் கழுவி, பின்சீட்டில் குழந்தைக்கு மெத்தை விரித்தான். அவர்கள் உட்காரப்போவது அதே இடப்பக்க ஜன்னலோரம்.

அந்தக் காலையும் படுத்துப் பார்த்தேன். வலது நட்டில் கோடு சேர்ந்திருந்தது. இடது நட்டில் சேரவில்லை. கம்பியிலிருந்த பாதி அப்படியே இருக்க, நட்டிலிருந்த பாதி நெல்மணி அகலம் நகர்ந்திருந்தது.

"வெயில்ல உரிஞ்சிருக்கும்பா," என்றான் மகன்.

"உரியல. நகர்ந்திருக்கு. வந்து பாரு."

அப்போது மருமகள் போன் செய்தாள். எடுத்ததும் அவள் கேட்டது, "கோடு எப்படி இருக்கு மாமா?"

"இடதுல விட்டிருக்கும்மா."

மகன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு அடியில் போனான். போனைத் தரையில் வைத்துவிட்டு நானும் பக்கத்தில் படுத்தேன். அவன் நட்டை இறுக்கினான். நகர்ந்த பாதிக்கோடு மற்றப் பாதியை நோக்கி வந்தது, அதோடு சேர்ந்தது. அங்கே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. தாண்டிப் போயிற்று. அவன் மறுபடி ஸ்பானரைப் போட்டான். நட்டு வெண்ணெயில் சுற்றுவதுபோலச் சுற்றியது. கோடு ஒரு முழுவட்டம் போய் மீண்டும் வந்தது. உள்ளே மரை தேய்ந்துபோயிருந்தது; இனி அந்த நட்டு எதையும் பிடிக்காது.

மகன் ஸ்பானரைக் கீழே வைத்தான். தரையில் கிடந்த போனில் குழந்தை அழும் சத்தம் கேட்டது.

"மாமா? என்ன ஆச்சு? கெளம்பிட்டாங்களா?"

"இல்லம்மா," என்றேன். "நீ அங்கயே இரு."