துண்டுக்கடியில் பி.காம்.

தாராவியில் நான் தோல் தரகன். எங்கள் தொழிலில் விலையை வாயால் சொல்ல மாட்டோம். விற்கிறவர் கையையும் வாங்குகிறவர் கையையும் ஒரு துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்துத் தொகையைச் சொல்வோம். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் பேரம் முறிந்தாலும் யாருக்கும் வெட்கமில்லை. இப்படிப் பிழைத்துக்கொண்டிருந்தவன், முப்பத்தைந்து வயதில் மாட்டுங்காவில் ஒரு காலை நேரக் கல்லூரியில் பி.காம். சேர்ந்தேன்.

காரணம் என் முதலாளி. ஏற்றுமதி ஆபீஸ் திறந்திருந்தார். மேனேஜர் வேலை எனக்குத்தான், ஆனால் பட்டம் வேண்டும், மூணு வருஷம் பொறுக்கிறேன், அதற்கு மேல் முடியாது என்றார். வீட்டில் வந்து சொன்னேன்.

"நல்லாருக்கு போங்க! புள்ள ஸ்கூலுக்குப் போவுது, வாப்பா காலேஜுக்குப் போறாவளாம்," என்றாள் மனைவி. சொல்லிவிட்டு, மூணு வருஷமும் விடியுமுன் எழுந்து சாயா போட்டுக் கொடுத்தாள்.

வகுப்பில் என் பெஞ்சில் மட்டும் எப்போதும் இடம் தாராளம். என்ன சோப்புப் போட்டாலும் தோல் வாடை போகாது. பையன்கள் அங்கிள் என்று கூப்பிட்டார்கள். போகட்டும், மரியாதைதானே.

கடைசி வருஷம் பரீட்சைக்குச் சற்று முன்னால் பக்ரீத் வந்தது. பம்பாய் முழுக்க அறுத்த தோல் தாராவிக்குத்தான் வரும். உடனே உப்புப் போடாவிட்டால் அழுகிவிடும். மூன்று வாரம் நான் வகுப்புப் பக்கமே போகவில்லை. வருகை குறைந்ததால் பரீட்சை எழுத முடியாதவர்கள் என்று ஒரு பட்டியலைப் பலகையில் ஒட்டினார்கள். அதில் நானும் இருந்தேன்.

பிரின்சிபால் அறைக்குப் போனேன். அவர் தமிழர்தான். உள்ளே கிளார்க்கும் இரண்டு வாத்தியார்களும் நின்றிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் எப்படிக் கெஞ்சுவது? என் மனுவை வாங்க அவர் கையை நீட்டினார். பாழாய்ப்போன பழக்கம், தோளில் கிடந்த துண்டை அந்தக் கைமேல் போட்டு, உள்ளே அவருடைய மூன்று விரலைப் பிடித்துவிட்டேன்.

"சார், லஞ்சம்!" என்று கத்தினார் கிளார்க். பிரின்சிபால் சுட்டுக்கொண்டவர் போலக் கையை இழுத்தார்.

"ஐயையோ, காசு இல்ல சார். கையப் பாருங்க, காலி. மூணு வாரம் விட்டுக்குடுங்கன்னு கேட்டேன். எங்க தொழில்ல இப்படித்தான் கேப்போம்."

அவர் மற்றவர்களை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். பிறகு மேசைமேல் தானே கையை நீட்டினார்.

"இப்பக் கேளுங்கோ."

துண்டைப் போட்டு மூன்று விரலைப் பிடித்தேன்.

"சம்மதமில்லேன்னா என்ன பண்ணுவா?"

"கைய உருவிருவாங்க சார். சம்மதம்னா இறுக்கிப் பிடிப்பாங்க."

அவர் கை அப்படியே இருந்தது. இறுக்கிப் பிடிங்கய்யா, பிடிங்க என்று மனசுக்குள் மன்றாடினேன். பிறகு மெதுவாக உருவிக்கொண்டார்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். "என்ன முடிஞ்சுது?" என்று கேட்டார் கிளார்க். தோல் சந்தையில் எவனும் அப்படிக் கேட்க மாட்டான். மாடி இறங்கினேன். ரோட்டுக்கு வந்ததும் அழுகை வந்துவிட்டது. ரயிலடி வரைக்கும் அந்தத் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டே நடந்தேன்.