ஜெர்மனியில் படித்தவள் தண்ணீர் விட்ட மரங்கள்

வெளிநாட்டுக்குப் போய்ப் படிப்பதில் என்ன பயன் என்று அப்பா கேட்டபோது என்னிடம் பதில் அச்சடித்தே இருந்தது. அப்போது நான் ஓசூரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், தரப் பரிசோதனைப் பிரிவில் மூன்று வருடம் வேலை பார்த்து முடித்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வேப்பனப்பள்ளிப் பக்கம் எங்கள் மாந்தோப்பு வீட்டுக்கு வருவேன். அப்படி வந்த ஒரு நாள், பெங்களூரில் ஓர் ஆலோசனை மையத்தில் கொடுத்த வழவழப்பான தாளை விரித்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"உலகத் தரமான லேப் இருக்குதுப்பா."

"பெங்களூருல இல்லாத லேபா?"

"புது மொழி கத்துக்கலாம்."

அப்பா சிரித்தேவிட்டார். காலையில் வேலையாட்களிடம் தெலுங்கில் பேசி, மருந்துக் கடையில் கன்னடத்தில் பேரம் பேசிவிட்டு வந்து, என்னிடம் தமிழில் வாதாடிக்கொண்டிருந்தவர் அவர். "இருக்கறதே மூணு. நாலாவது என்னாத்துக்கு?"

"தன்னம்பிக்கை வளரும்."

"உனக்கா? இன்னுமா வளரணும்?"

நான் தாளை மடித்துவிட்டேன். சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "போவட்டும் வுடுங்க. எதுத்துப் பேச ஆளில்லாம நீங்களும் ரெண்டு வருசம் இருந்து பாருங்க."

அந்த யோசனை அப்பாவுக்குப் பிடித்திருக்க வேண்டும். மறு ஞாயிறு சம்மதம் சொல்லிவிட்டார்.

ஜெர்மனிக்குப் போன இரண்டாம் மாதம், பேராசிரியர் தான் எழுதிய ஓர் அறிக்கையை எங்களுக்குக் கொடுத்து, குறை கண்டுபிடித்து எழுதச் சொன்னார். நான் இரண்டு பக்கம் பாராட்டி எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, "மூன்றாம் பக்கத்தில் ஓர் அளவை வேண்டுமென்றே தப்பாகப் போட்டிருந்தேனே, பார்க்கவில்லையா?" என்று கேட்டார்.

"பார்த்தேன். நீங்கள் போட்டால் ஏதாவது காரணம் இருக்கும் என்று விட்டுவிட்டேன்."

வகுப்பே சிரித்தது. பக்கத்தில் இருந்த வியட்நாம் பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவளும் அதையேதான் எழுதியிருந்தாள். எனக்குக் காது சுட்டது. மூன்று வருடமாக ஆயிரக்கணக்கான பாகங்களில் குறை கண்டுபிடித்தவள், ஒரு மனிதரின் தாளில் இருந்த குறையைச் சொல்ல நடுங்கியிருக்கிறேன்.

அதன்பிறகு விடாமல் பழகினேன். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு மளமளவென்று, கடைசியில் கேட்காதவர்களுக்கும் சொல்ல ஆரம்பித்தேன். பழக்கம் நன்றாக முற்றியிருந்த நேரத்தில்தான் டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன்.

தோப்பில் மரத்தடியெல்லாம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. கிணற்றில் தண்ணீர் இருந்தும் அப்பா பாய்ச்சவில்லை.

"மரத்த இப்படிக் காயப்போடறது தப்புப்பா" என்றேன்.

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தப்பா?"

"ஆமா. மண்ணுல ஈரமே இல்ல. செடின்னா தண்ணி வேணும் இல்ல?"

"சரி பாப்பா. அந்தக் கடைசி வரிசையில பத்து மரம் இருக்குது. அதுக்கு நீயே வுடு."

விட்டேன். ஊரில் இருந்த மூன்று வாரமும் விட்டேன். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவு பொறுமை அவரிடம் இருக்கிறதே என்று அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஜனவரிக் கடைசியில் வாட்ஸப்பில் இரண்டு படங்கள் வந்தன. ஒன்றில், தோப்பு முழுக்க இலை தெரியாமல் பூ. இன்னொன்றில் என் பத்து மரங்கள்: தளதளவென்று புதுத் தளிர், பேருக்குக்கூட ஒரு பூ இல்லை. கூடவே அப்பாவின் குரல்: "உன் மரமெல்லாம் ஜோரா இருக்குது பாப்பா. மாங்கூழ் கம்பெனியில எலைய எடுத்துக்குவாங்களான்னு விசாரிச்சுச் சொல்லு."

தேடிப் படித்துப் பார்த்தேன். பூக்கும் முன் மாமரத்தை இரண்டு மூன்று மாதம் காயப்போட வேண்டுமாம். தண்ணீர் விட்டால் மரம் பூவை மறந்து தளிர் விடப் போய்விடுமாம். அன்று சாயங்காலமே அப்பாவைக் கூப்பிட்டேன்.

"நான் சொன்னது தப்புப்பா. உங்ககிட்ட காரணம் கேட்டிருக்கணும். கேக்கல."

எங்கள் வீட்டில் அப்படி ஒரு வாக்கியத்தை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஏதாவது தவறிப்போனால் 'நேரம் சரியில்ல' என்போம். இல்லையென்றால் இரண்டு நாள் பேசாமல் இருப்போம்.

"ஏய், இங்க வா" என்று அப்பா அம்மாவைக் கூப்பிடுவது கேட்டது. "இவ என்னமோ சொல்றா, நீயே கேளு."

ஸ்பீக்கரில் போட்டார்கள். நான் மறுபடி சொன்னேன். "இன்னொரு தடவ சொல்லு கண்ணு" என்றார் அம்மா, பாட்டு கேட்பதுபோல.

அடுத்த வாரம், வழக்கத்துக்கு மாறாக அப்பாவே கூப்பிட்டார். சாப்பிட்டாயா, குளிர் எப்படி என்றெல்லாம் சுற்றி வந்துவிட்டுச் சொன்னார்: "போன வருசம் மோட்டாரு எரிஞ்சுபோச்சு இல்ல? உங்கம்மாவப் புடிச்சுத் திட்டினேன். சுவிட்சப் போட்டுட்டு மறந்தது நான்தான்."

"அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"அதான் உங்கிட்ட சொல்லிட்டேனே. நீ சொல்லிடு."

சொன்னேன். அம்மா கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "அது அன்னிக்கே தெரியும். வாயத் தொறக்கறாரான்னுதான் பாத்துட்டிருந்தேன்."

படிப்பு முடிந்து இப்போது ஓசூரிலேயே வேறு கம்பெனியில் இருக்கிறேன். போன மாதம் ஒரு சரக்கு முழுதாகத் திரும்பி வந்தது. காலைக் கூட்டத்தில் மேலாளர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு பிரிவும் பக்கத்துப் பிரிவைப் பார்த்தது.

"நான் கொடுத்த அளவுதான் தப்பு சார். திருத்திட்டேன்" என்றேன்.

அரைமணி நேரம் திட்டுவதற்குத் தயாராக வந்திருந்த மனிதர் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார். பிறகு எல்லோருக்கும் டீ சொல்லச் சொன்னார்.