பாப்பா வரமாட்டாள் என்று சொன்னேன்

சாகக் கிடந்த அய்யாவிடம் நான் பொய் சொன்னேன். அவர் தேடிய மகளுக்கு ஆள் அனுப்பாமலேயே, வர மறுத்துவிட்டாள் என்றேன். ஆம்… நான்தான்!

வருடங்கள் ஓடிவிட்டன. போன ஞாயிற்றுக்கிழமை டிவியில், தமிழில் டப்பிங் செய்த ஒரு யுத்தப் படம் பார்த்தேன். அன்றிலிருந்து உறக்கமில்லை. உங்களிடம்தான் சொல்ல முடிகிறது.

படத்தில் ஒரு கிழட்டுச் சர்வாதிகாரி. கடைசி நாட்களில், பூமிக்கு அடியில் ஓர் அறையில் பதுங்கியிருக்கிறான். மேலே குண்டு விழுகிறது. வடக்கேயிருந்து படை வருகிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான். பக்கத்தில் நிற்கும் அதிகாரி முகம் மாறாமல், "வந்துகொண்டிருக்கிறது" என்கிறான். படையே இல்லை! எல்லாரும் அந்தக் கிழவனைப் பார்த்திருப்பார்கள். நான் அதிகாரியைத்தான் பார்த்தேன். எனக்கு வியர்த்துவிட்டது.

என் அய்யாவும் ஒரு சர்வாதிகாரிதான். கழுகுமலைப் பக்கம் எங்கள் ஊர். புஞ்சையிலிருந்து வரும்போது அவர் செருமுவது கேட்டாலே வீடு அடங்கிவிடும். அக்கா தன் விருப்பத்துக்கு ஒருவரைக் கட்டிக்கொண்டு எட்டயபுரம் போனபோது, அவள் பேச்சையே இங்கே எடுக்கக்கூடாது என்றார். அம்மா எடுக்காமலேயே போய்ச் சேர்ந்தாள்.

அப்படிப்பட்டவர் படுக்கையில் விழுந்ததும் கேட்டது யாரை?

"ஏலே… பாப்பாவுக்கு ஆள் விட்டியா?"

அக்காவைத்தான் பாப்பா என்பார். "விட்டிருக்கேன்யா" என்றேன். விடவில்லை. ஒரு போன் போதும்… போடவில்லை!

ஏன்? பொறாமை! வேறென்ன சொல்ல? கூடவே கிடந்து ஏச்சு வாங்கியவன் நான். பீ மூத்திரம் அள்ளியவன் நான். என் பெயரை அவர் ஒருநாளும் அப்படிக் குழைந்து சொன்னதில்லை.

மறுநாளும் கேட்டார். அப்போதுதான் அதைச் சொன்னேன்.

"வரமாட்டேன்னுட்டாய்யா."

வைவார் என்று நினைத்தேன். சிரித்தார்! "எம் மவள்லா… அப்படித்தான் சொல்லுவா" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதன்பின் பேச்சில்லை. உயிர் மட்டும் இழுத்துக்கொண்டே கிடந்தது. "மண்ணாசைப்பா. அவிய பாடுபட்ட மண்ணக் கரைச்சு ஊத்துங்க, நிம்மதியாப் போயிருவாவ" என்றார்கள் சொந்தக்காரர்கள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. எந்த ஆசை என்று எனக்கு மட்டும் தெரியும்… தெரிந்தும் நானே போய்ப் புஞ்சையில் ஒரு பிடி கரிசல் அள்ளிவந்தேன்! தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, கரண்டியால் வாயில் விட்டேன். பாதி கடைவாயில் கறுப்பாக வழிந்தது. துண்டால் துடைத்தேன்.

பொழுது சாயுமுன் போய்விட்டார். மண்ணாசைதான் என்று ஊரே சொன்னது. நானும் தலையாட்டினேன். எப்படி ஆட்டினேன்? இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

சாவுக்கு அக்கா கதறிக்கொண்டு வந்தாள். அதன்பிறகு போக்குவரத்து இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்திருந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டே அதே படத்தைப் பார்த்தாள்.

கடைசியில் அந்தக் கிழவன் எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறான்.

"சாகப்போற நேரத்துலயும் ஒருத்தரையும் தேடல பாரு… நம்ம அய்யா மாதிரியே" என்றாள் அக்கா.

சொல்! இப்போதாவது சொல்! வாயைத் திறந்தேன்…

அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னாள்: "ஒரு வார்த்த கூப்பிட்டு விட்டிருந்தாவன்னா ஓடி வந்திருப்பேம்லே."

"அய்யா கொணந்தான் ஒனக்குத் தெரியும்லாக்கா" என்றேன்.

செத்தவர் தலையிலேயே மறுபடியும் போட்டுவிட்டேன். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடைத்த கடலையில் ஒரு கை அள்ளி என்னிடம் நீட்டினாள்.

வாங்கித் தின்றேன்.