மாமாவின் நிபுணர் ஆட்சி

ஈப்போ டவுனுக்குப் போனால் மாமா வெறுங்கையோடு திரும்பமாட்டார். பலகாரம் இல்லாவிட்டால் ஒரு புதுச் சொல்லாவது வரும். எனக்கு ஆறு வயதானபோது வந்தது ‘டெக்னாக்ரசி’. அமெரிக்காவில் பேசிக்கொள்கிறார்களாம், சாப்பாட்டுக் கடையில் யாரோ பத்திரிகையைப் பார்த்து விளக்கினார்களாம். ‘நிபுணர் ஆட்சி’ என்று மாமாவே அதற்குத் தமிழும் பண்ணிவிட்டார்.

“எந்த வேலை யாருக்குத் தெரியுமோ, அதுல அவங்க சொல்றதுதான் சட்டம். ராஜாவும் வேணாம், தொரையும் வேணாம்” என்று ரப்பர்த் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வாசலில் நின்று முழங்கினார்.

“தெரிஞ்சவங்க யாருன்னு யாரு தம்பி சொல்றது?” என்றாள் அத்தை.

“அதுக்கும் ஒரு நிபுணர் இருப்பாரு லா!”

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா ஆற்றில் பிடித்த மீன் குழம்பாயிற்று. அம்மா முள் பார்க்க என் தட்டை இழுத்தாள். மாமா தடுத்தார். “விடுக்கா, மீனுக்கு நான்தான் நிபுணர். இந்தத் துண்டுல முள்ளே இல்ல. நீ தின்னு பாப்பா.”

இரண்டாவது வாயிலேயே முள் தொண்டையில் குத்தி நின்றது. விழுங்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. எங்கள் லயத்தில் நிபுணர்களுக்கா பஞ்சம்? அத்தை வெறுஞ்சோற்றை உருட்டித் திணித்தாள். எதிர்வீட்டு அக்கா வாழைப்பழத்தோடு ஓடிவந்தார். ஆளுக்கொரு சட்டம் போட்டார்கள். என் வாய் ஒன்றுதான்.

“ஒன் ஆட்சியெல்லாம் இருக்கட்டும், புள்ளயப் பாருடா!” என்று அம்மா அலறினாள்.

மாமா என்னை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ரப்பர் மரங்களுக்கிடையே தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பெண்கள் பின்னாலேயே வந்தார்கள். அங்கே வைத்தியம் பார்க்கிற டிரசர் என்னை வெயிலுக்குத் திருப்பி, கரண்டியால் நாக்கை அழுத்திப் பார்த்தார்.

“முள்ளு எப்பவோ எறங்கிருச்சு. கீறல்தான் வலிக்குது. யாரு வைத்தியம்?”

“என் சோறு!” என்றாள் அத்தை.

“என் பழம்!” என்றார் எதிர்வீட்டு அக்கா.

அம்மாவுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. எதற்கும் பங்கு கேட்கிற மாமா மட்டும் படியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஓடியதில் வந்த வேர்வை என்று நினைத்தேன்.

அதன்பிறகு மாமா எங்களோடு சாப்பிடும்போதெல்லாம் என் மீன் முதலில் அவர் தட்டுக்குப் போய்விடும். பிய்த்து, நசுக்கி, விரலால் தடவித் தடவி மாவாக்கித்தான் திருப்பித் தருவார். அதுவரை அவர் சோறு ஆறிக் கிடக்கும். மாமா என் மீனைத் திருடுகிறார் என்று அம்மாவிடம் கோள் சொன்னேன்.

அம்மா இன்னொரு துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். திருடனுக்கே பரிமாறுகிறாளே என்று அன்று முழுக்க அவளோடு நான் பேசவில்லை.