கம்ப்யூட்டரில் வளைந்த ஸ்டாண்ட்

காலை ஒன்பது நாற்பது. திருவொற்றியூரில் காதர் பாயின் வெல்டிங் பட்டறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, கம்ப்யூட்டர் திரையில் ஓர் இரும்பு ஸ்டாண்ட். நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வர்ணம் பூசிக்கொண்டு இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருந்தது.

இரும்பு ஆடுமா? அதுவும் இப்படி... இடுப்பை வளைத்து?

நான் போனது எங்கள் வீட்டு பால்கனிக் கம்பிக்கு அளவு கொடுக்க. அந்த வேலை அப்படியே நின்றுபோனது. காரணம், திரைக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரின் முகம் சரியில்லை.

அவர் தேசப்பன். காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கிறார். பக்கத்தில் நின்றவர் அவர் மனைவி அலமேலு. மீன்பிடித் தடைக்காலம் முடிய ஒரு வாரம்தான் பாக்கி. படகில் வலையை இழுக்கும் விஞ்ச் இருக்கிறதே, அதைத் தாங்கும் ஸ்டாண்டின் கால் விரிசல் விட்டிருந்தது. புது ஸ்டாண்டுக்கு அன்றைக்கே தகடு வெட்டினால்தான் வெல்டிங், பெயின்ட், பொருத்துவது எல்லாம் முடியும். இல்லையென்றால் முதல் நாள் மற்ற படகுகள் கடலுக்குப் போகும். தேசப்பன் கரையில் நின்று கையாட்ட வேண்டியதுதான்.

பட்டறையில் டிசைன் போடுவது நஸ்ரின். தண்டையார்பேட்டைப் பெண், மெக்கானிக்கல் படித்தவர். இரும்பை வெட்டுவதற்கு முன்பே, கம்ப்யூட்டரில் ஸ்டாண்டை வரைந்து, வலையின் இழுப்பை அதன் மேல் ஏற்றிப் பார்த்துவிடுகிறார். எந்த இடத்தில் பாரம் அதிகம் சேர்கிறது என்று வர்ணம் சொல்லும்; சிவப்பு என்றால் அங்கேதான் அதிகம். அதற்கென்றே ஒரு சாஃப்ட்வேர். நல்ல பழக்கம்தான். அதை வாடிக்கையாளருக்குப் பெருமையாகப் போட்டுக் காட்டியதில்தான் வம்பு.

“இன்னாம்மா இது... சரக்கடிச்சவன் மாரி தள்ளாடுது?” என்றார் தேசப்பன்.

“நிஜத்துல ஆடாதுண்ணா. அரை மில்லிமீட்டர்கூட வளையாது. நம்ம கண்ணுக்குத் தெரியணும்னு சாஃப்ட்வேர் பெருசாக்கிக் காட்டுது.”

“வளையாதத வளையுதுன்னு சொல்றதுக்கு ஒரு மிஷினா?” என்றார் அலமேலு. “அதுக்கு எங்க நாத்தனாரு போதுமே!”

காதர் பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசலுக்குப் போய் டீ சொல்லிவிட்டு வந்தார்.

நஸ்ரின் ஓர் எண்ணை மாற்றினார். இப்போது உள்ளது உள்ளபடி. ஸ்டாண்ட் ஆணி அடித்தது போல நின்றது.

“பாத்தீங்களா?”

தேசப்பன் பார்த்தார். சந்தேகம் இரண்டு மடங்கானது.

“இப்ப மட்டும் எப்டி ஆடாம கீது? பட்டன அமுக்கி மறைச்சிட்டியா? பாய்... இன்னா பாய், நம்ப கைலயேவா?”

பெரிதாக்கிக் காட்டினால் பயம். உள்ளபடி காட்டினால் ஏமாற்று. பாவம், அந்தப் பெண் இனி எதைத்தான் காட்டுவார்?

தேசப்பன் எழுந்துவிட்டார். “எண்ணூர்ல நம்ப தோஸ்து ஒருத்தன் கீறான். கண்ணால பாத்தே அடிச்சுக் குட்த்துருவான். இந்தக் கலர், ஆட்டம்... ஒரு பேஜாரும் கெடையாது.”

“அவன் அடிச்சுக் குட்த்ததுதான்யா இப்ப விரிஞ்சிகினு கீது,” என்றார் அலமேலு.

தேசப்பன் மறுபடி உட்கார்ந்தார்.

நஸ்ரின் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, அவரை எழுப்பி, அந்த இரும்பு ஸ்டூலை அளந்தார். கால், குறுக்குச் சட்டம், பலகை.

“உங்க வெயிட் எவ்ளோண்ணா?”

“எம்பது.”

“தொண்ணூத்தி ரெண்டு,” என்றார் அலமேலு.

டீ ஆறுவதற்குள் திரையில் ஸ்டூல் வந்துவிட்டது. அதன் உடம்பு முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள் பரவின. “வலைக்கண்ணு மாரி கீதே!” என்று தேசப்பன் ஆர்வமாக ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நஸ்ரின் தொண்ணூற்றிரண்டு கிலோவை அதன் மேல் ஏற்றினார்.

அவ்வளவுதான். அன்று பிறந்த கன்றுக்குட்டி மாதிரி நாலு காலும் நாலு பக்கம் விரிந்தன. பலகை தொங்கிப்போனது. மூலைகளில் ரத்தச் சிவப்பு.

தேசப்பன் துள்ளி எழுந்தார் பாருங்கள்! ஸ்டூலைக் கவிழ்த்தார். ஒவ்வொரு காலையும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். வெல்டிங்கை நகத்தால் சுரண்டினார். ஸ்டூல் கல் மாதிரி இருந்தது.

“யோவ், வந்ததுலேர்ந்து அதும்மேலதான்யா குந்திகினு கீற!” என்றார் அலமேலு.

பட்டறையே சிரித்தது. கடைசியாக, மெதுவாக, தேசப்பனும்.

“அப்ப, நல்லா கீற ஸ்டூலையே இது இப்டித்தான் காட்டும்?”

“இப்டித்தான்ணா காட்டும்.”

“எத்தினி பங்கு பெருசாக்குது?”

நஸ்ரின் ஸ்டாண்டின் முதல் படத்தைத் திரும்பக் கொண்டுவந்து, திரையின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். சின்ன எழுத்தில் இருநூற்றுப் பதினான்கு மடங்கு என்று இருந்தது. ஆரம்பத்திலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறது. எங்களில் ஒருவரும் படிக்கவில்லை.

யோசித்துப் பார்த்தால், பெரிதாக்கிக் காட்டுவதில் தப்பே இல்லை. வளைவு எங்கே என்று தெரிய வேண்டாமா? பத்திரிகைத் தலைப்புகள் அதைத்தான் செய்கின்றன. குடும்ப வாட்ஸப் குரூப்கள் தினமும் செய்கின்றன. அலமேலுவின் நாத்தனாரும் செய்கிறார் போலிருக்கிறது. ஆனால் எத்தனை மடங்கு என்பதை ஓரத்தில் ஒழுங்காக எழுதி வைப்பது — எனக்குத் தெரிந்து இந்த சாஃப்ட்வேர் மட்டும்தான்.

“வெட்டு பாய்,” என்றார் தேசப்பன்.

மதியத்துக்குள் தகடு வெட்டி முடிந்தது. தடை முடிந்த முதல் நாள், காசிமேட்டிலிருந்து கிளம்பிய படகுகளில் தேசப்பனுடையதும் இருந்தது.