குடையோடு துரத்தி வந்த பர்மாக்காரர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், நான் கப்பலேறி பர்மாவுக்கு வந்து எட்டு மாதம்கூட ஆகாத ஒரு வைகாசியில், ரங்கூன் பட்டணத்தில் நடந்தது இது. பெகு நகரத்துக்கு அப்பால் ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷனில் எனக்குத் தந்தி குமாஸ்தா உத்தியோகம். உத்தியோகம் என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, அது இன்னும் நிரந்தரமாகியிருக்கவில்லை. எனக்குப் பார்வை மட்டு என்று மேலதிகாரி எழுதிவிட்டார். குறிப்பிட்ட நாளில் பிற்பகல் மூன்று மணிக்கு, ரங்கூனில் டாக்டர் முன்னால் மூக்குக் கண்ணாடியுடன் நின்று, எழுத்துகளைப் படித்துக் காட்டிச் சர்டிபிகேட் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

ரயில்வே பாஸ் இருந்ததால் என் மனைவியையும் அழைத்துப் போனேன். ரங்கூனைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு வெகு நாளாக ஆசை. காலையில் இறங்கியதும் நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனோம். கண் பார்க்கிற துரை ஒரு மணிக்குத்தான் வருவார் என்றார்கள். விலையை விசாரித்தேன். எங்களிடம் இருந்த பணம் கண்ணாடிக்கு மட்டும் சரியாக இருந்தது. வயிற்றுக்கு என்று ஒன்றும் மிஞ்சவில்லை.

அந்தப் பணம் எங்கே இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரங்கூன் திருடர்கள் மடியைத்தான் குறிவைப்பார்கள் என்று ஸ்டேஷனில் பயமுறுத்தியிருந்தார்கள். அதனால் ரூபாய் நோட்டுகளையும் ஆபீஸ் கடிதத்தையும் துணியில் சுருட்டி, என் குடைக்குள் கம்பியோடு சேர்த்துக் கட்டிவைத்திருந்தேன். அந்தப் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். வெயில் மண்டையைப் பிளந்தபோதும் குடையை விரிக்க முடியாது என்பது ஒன்றுதான் குறை.

பெரிய பெரிய கட்டடங்கள், டிராம் வண்டி, மோட்டார் என்று சீமையையே பெயர்த்துக்கொண்டு வந்து வைத்த மாதிரி இருந்தது ஊர். விலையும் சீமை விலைதான். மொகல் தெருவில் நம்மவர்களின் காப்பி கிளப்புகளில் ஒவ்வொன்றாகச் சாப்பாட்டு விலை கேட்டேன். கேட்டுக் கேட்டு நகர்ந்தேன். மனைவி ஒரு வார்த்தை பேசாமல் பின்னால் வந்தாள். அவள் பேசாமல் வந்தால் கோபம் என்று அர்த்தம்.

பகோடா என்கிற புத்தர் கோயிலுக்குப் போகும் சாலையில் ஒரு சந்து முனையில் பெரிய பந்தல் போட்டிருந்தது. உள்ளே வட்டமான குட்டை மேசைகள், சுற்றிலும் பாய், மேசைமேல் பீங்கான் கிண்ணங்கள். ஒரு பக்கம் மேளம் முழங்கியது. வாசலில் பட்டு லுங்கி கட்டிய ஒரு பர்மாக்காரர் எங்களைப் பார்த்ததும், “சா பா, சா பா” என்று வாயருகே கையைக் கொண்டுபோய்க் காட்டிச் சாப்பிட அழைத்தார். நம் ஊரில் சும்மா போடுகிற சோறு என்றால் தரையில் இலை விரித்துப் போடுவார்கள். அதற்கும் அழைப்பு இல்லாமல் மானமுள்ளவன் போகமாட்டான். மேசை போட்டு, வழியில் போகிறவனைக் கூவி அழைத்தால் அது கிளப்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் மனைவி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள்.

சோறு, கோழிக் குழம்பு, மீன், புளிப்பான ஒரு கீரைச் சாறு. அவள் நிதானமாகச் சாப்பிட்டாள். நான் ஒவ்வொரு கவளத்துக்கும் மனசுக்குள் விலை போட்டுக்கொண்டிருந்தேன். துரைமார் ஹோட்டலில்தான் வாத்தியம் வாசித்துச் சாப்பாடு போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இங்கேயும் மேளம்! கண்ணாடியில் ஒரு வில்லை இந்தக் கோழிக்கே போய்விடும் என்று நினைத்தேன். அவள் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி குழம்பு விழுந்தபோது, மேசைக்கடியில் அவள் காலை மிதித்தேன். அவள் திருப்பி மிதித்தாள்.

அப்போதுதான் எனக்கு அந்தக் கெட்ட புத்தி வந்தது. கை கழுவுவது போல எழுந்து, “பேசாம நடந்து வா, திரும்பிப் பாக்காத” என்றேன். சந்து முனை தாண்டியதும் பின்னால் ஒரு கூச்சல். திரும்பினால், அந்தப் பட்டு லுங்கிக்காரர் கையில் எதையோ ஓங்கியபடி ஓடி வருகிறார்! என் பார்வைக்கு அது தடியாகத்தான் தெரிந்தது. நான் எடுத்தேன் ஓட்டம். கட்டிய மனைவி பின்னால் வருகிறாளா என்றுகூடப் பார்க்கவில்லை.

அவள் வரவில்லை. “நான் ஓட மாட்டேங்க. தின்னது நாமதானே, நின்னு பதில் சொல்லுங்க” என்று நடுச்சாலையில் நின்றுவிட்டாள். வேறு வழியில்லாமல் நானும் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தேன். மூச்சு வாங்க வந்து சேர்ந்த அந்த மனிதர் என் கையில் கொடுத்தது என்னுடைய குடை. பந்தல் காலில் மாட்டிவிட்டு மறந்திருக்கிறேன். உள்ளே விரலை விட்டுத் தடவினேன். துணிச்சுருள் கட்டிய இடத்திலேயே இருந்தது. போன உயிர் திரும்பி வந்தது.

எதிரே ஜவுளிக் கடை வைத்திருந்த நம் ஊர்ப் பக்கத்து முஸ்லிம் பெரியவர் ஒருவர், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர், இறங்கி வந்தார். எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டுச் சொல்லும்படி அவரிடம் கெஞ்சினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“காசா? நல்லாக் கேட்டிய தம்பி! இது தர்ம காரியம். பிள்ளைக்கு மொட்டை போட்டு புத்த மடத்துக்கு அனுப்புறாக. தெருவுல போறவுக யாரு வந்து சாப்பிட்டாலும் இவுகளுக்குப் புண்ணியம். காசை நீட்டினாத்தான் மனசு வருத்தப்படுவாக.”

பர்மாக்காரர் அவரிடம் ஏதோ சொன்னார். என்னவென்று கேட்டேன். “டிராமுக்கு நேரமாயிருச்சு போல, பாவம், அதான் குடையை மறந்துட்டு ஓடுறாருன்னு சொல்றாரு” என்றார் பெரியவர். மனைவி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. பர்மாக்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் பதறிப்போய் என் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு மணிக்குக் கண்ணாடி வாங்கினேன். மூன்று மணிக்குக் கடைசி வரி வரைக்கும் படித்துக் காட்டிச் சர்டிபிகேட் வாங்கினேன். அந்த உத்தியோகத்தில் பல வருஷம் இருந்தேன். ஆனால் அந்த நாளை நினைத்தால் சர்டிபிகேட் ஞாபகம் வருவதில்லை. சோற்றுக்கு ஏமாற்றிவிட்டு ஓடிய ஒருவனை, அவசரத்தில் போகிற அப்பாவி என்று ஒருவர் நம்பினார். அந்த நம்பிக்கையை அதற்குப் பிறகாவது பொய்யாக்கக் கூடாதே என்றுதான் இன்றுவரை கொஞ்சம் ஒழுங்காக இருந்து வருகிறேன்.