அட்டவணையில் ஏறிய தெரு

போன மாதம் வேலூரில் ஒரு கருத்தரங்கு. மத்தியானச் சாப்பாடு பலமாக இருக்கும் என்றார்கள், போனேன். இருபது வருஷத்துக்கு மேல் புள்ளிவிவரத்தோடு மல்லுக்கட்டிய என்னைப் போன்றவளை நாற்காலி நிரப்பத்தான் கூப்பிடுவார்கள், எனக்கும் தெரியும். மேடையில் ஒரு தம்பி, நல்ல பிள்ளை, திரையில் ஒரு கோட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். ஆம்பூர்ப் பக்கத்து வார்டுகளில் எத்தனை பெண்கள் வேலை செய்கிறார்கள் என்று சொல்லும் கோடு. தரையோடு தரையாக வந்தது, ஓரிடத்தில் திடீரென்று மேடாக எழுந்தது, அப்புறம் சரிந்துவிட்டது. அந்த மேட்டுக்கு அவர் காரணங்கள் சொன்னார். சுயஉதவிக் குழு, பெண்கல்வி, நாற்கரச் சாலை. எல்லாம் மதிப்பான காரணங்கள். நான் சமோசாவை மென்றுகொண்டு கேட்டேன். அந்த மேட்டை எழுப்பியது என் ஆத்திரம். எழுந்து அதைச் சொன்னால் சபை தாங்காது என்று இன்னொரு சமோசாவை எடுத்துக்கொண்டேன்.

பேசி முடித்து அவர் தன் பையைத் திறந்தார். புதுத் தோல் பை. குப்பென்று ஒரு வாசனை என் வரிசை வரைக்கும் வந்தது. கடையில் அதற்குப் பணக்கார வாசனை என்று பெயர். எனக்கோ அது எஸ்தர் சின்னம்மா வீட்டுப் பாயின் வாசனை. அப்பாவுக்கு ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை, வருஷத்துக்கொரு குவார்ட்டர்ஸ் மாறும். என் படிப்பு கெடக்கூடாது என்று அம்மா என்னை ஆம்பூரில் தன் தங்கை வீட்டில் விட்டுவைத்தாள். பாய், தலையணை, சோற்றுத் தட்டு எல்லாவற்றிலும் தோலும் பசையும் மணக்கும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரும் பெண் மூக்கைச் சுளிப்பாள். நான் பவுடரை அள்ளிப் பூசிக்கொண்டு போய் இரண்டு வாசனையும் கலந்து இன்னும் மோசமாக்குவேன்.

அந்தத் தெருவில் எல்லாப் பெண்களும் ஷூ தைத்தார்கள். முழு ஷூ அல்ல, மேல்பாகம் மட்டும். அதை 'அப்பர்' என்பார்கள். கம்பெனியில் வெட்டிய துண்டுகளை ஏஜென்ட் செல்வராஜ் மூட்டையாகக் கொண்டுவந்து வீடு வீடாகப் போடுவார். மெழுகு தடவிய நூலை இரண்டு ஊசியில் கோத்து, முழங்காலுக்கு நடுவில் அப்பரை இடுக்கிக்கொண்டு தைக்க வேண்டும். நூலை இழுக்கிற இழுப்பில் விரல் அறுந்துபோகும் என்று சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி விரலில் மாட்டிக்கொள்வார்கள். கலியாணத்துக்குப் போகும்போதுகூட ஒன்றிரண்டு பேர் அதைக் கழற்ற மறந்துவிடுவார்கள். சின்னம்மா ஒருமுறை சர்ச்சில் கர்த்தருடைய பந்தியிலேயே டியூப் விரலோடு அப்பம் வாங்கினாள்.

வீட்டுக்கு வேலை கொடுப்பது வெளியே தெரிந்தால் கம்பெனிக்குத் தலைவலி. அதனால் செல்வராஜ் ஒரு பழக்கம் பண்ணிவைத்திருந்தார். “பை மாட்டிக்கினு எவன் வந்தாலும் சும்மாதான் இருக்கோம்னு சொல்லுங்க. இல்லன்னா தைக்க பீஸ் வராது.” பேன்ட் போட்ட அந்நிய ஆள் தெருமுனையில் தலை காட்டினால் போதும், முதல் வீட்டில் யாராவது தண்ணீர்க் குடத்தைத் தட்டுவார்கள். அப்பரெல்லாம் கட்டிலுக்கு அடியிலும் அரிசி டிரம்முக்குள்ளும் போய்விடும். நான் பத்தாவது படித்தபோது ஜனத்தொகைக் கணக்கெடுக்க ஒரு வாத்தியார் வந்தார். பாவம், வெயிலில் வாடி வந்தவர். வேலைக்குப் போகிறீர்களா என்று கேட்டார். “இன்னா வேலை சார், சும்மா வீட்லதான்” என்றாள் சின்னம்மா, டியூப் மாட்டிய விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டு. அவர் அப்படியே எழுதிக்கொண்டார். அவருக்குக் குடிக்க மோர் கொடுத்தது நான்தான்.

அந்தக் கணக்கில் எங்கள் தெரு எவ்வளவு சீமானாகத் தெரிந்தது என்று பின்னாளில் பார்த்து சிரித்திருக்கிறேன். குடிநீர் எங்கிருந்து என்ற கேள்விக்கு எல்லாரும் போர் பம்பு என்றார்கள், அது நல்ல வகையில் சேர்ந்துவிட்டது. தோல் பதனிடும் கழிவு இறங்கிய அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, குளித்தால் தலை சிக்காகும். கறவை மாடுகூட முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். அதை யாரும் கேட்கவில்லை, கேட்காததால் அது இல்லை. வேலைக்கே போகாத பெண்கள், வாசலிலேயே தண்ணீர், பாதி வீட்டில் டிவி. டெல்லியில் உட்கார்ந்து படிக்கிறவர் எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருப்பார்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் ஒரு மத்தியானம் சின்னம்மா நூலை இழுத்தாள், நூல் அறுந்தது, இழுத்த வேகத்தில் ஊசி இடது கண்ணில் பாய்ந்துவிட்டது. வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. சபையில் யாரோ விவரம் தெரிந்தவர் சொல்லி, தொழிலாளர் ஆபீஸில் நஷ்டஈடு கேட்டு மனு போட்டோம். விசாரணைக்குக் கம்பெனி ஆள் வரவில்லை. செல்வராஜ்தான் வந்தார், வெள்ளைச் சட்டை, கையில் அந்தக் கணக்கெடுப்பின் அச்சடித்த அட்டவணை நகல். “கவர்மெண்ட்டே சொல்லுது சார், அந்தத் தெருவுல பொம்பளைங்க யாரும் வேலை செய்யல. இது வீட்டுத் துணி தைக்கறப்போ ஆனது” என்றார். அதிகாரி அட்டவணையைப் பார்த்தார், கண்ணில் பஞ்சு வைத்திருந்த சின்னம்மாவைப் பார்த்தார், மறுபடி அட்டவணையைப் பார்த்தார். மனு தள்ளுபடி. படி இறங்கும்போது சின்னம்மா அழவில்லை. “நான்தானே சொன்னேன் சும்மா இருக்கேன்னு” என்றாள்.

அன்றைக்குத்தான் நான் வரலாற்றை விட்டுவிட்டுப் படிப்பைப் புள்ளியியலுக்கு மாற்றிக்கொண்டேன். நாட்டை வளர்க்க, ஏழ்மையை அளக்க என்றெல்லாம் நேர்முகத் தேர்வுகளில் சொல்லியிருக்கிறேன். எல்லாம் புளுகு. அந்த ஆள் நீட்டிய அட்டவணையை அவர் வாயிலேயே திணிக்க வேண்டும், அதற்குத்தான் படித்தேன். சிலருக்குக் கோபம் வந்தால் தட்டை வீசுவார்கள். எனக்கு வந்த கோபம் சராசரி, விலகல் என்று முதுகலை வரைக்கும் படித்துவிட்டு அடுத்த கணக்கெடுப்புக்காகக் காத்திருந்தது.

வந்தது. அதற்குள் எனக்கு ஒரு சின்ன வேலை கிடைத்து, எங்கள் பக்கத்துக் கணக்கெடுப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பும் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு எண்ணைக்கூட நான் தொடவில்லை, சத்தியமாக. பயிற்சி வகுப்பில் ஒன்றே ஒன்று சொன்னேன். வேலைக்குப் போறீங்களா என்று கேட்டு நிறுத்தாதீர்கள். விரலைப் பாருங்கள், டியூப் இருந்தால் ஏன் என்று கேளுங்கள், நேற்று கையில் என்ன இருந்தது என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பெண்கள் கூட்டத்திலும் பேசினேன். செல்வராஜ் வழக்கம்போல வீடு வீடாக எச்சரித்துவிட்டுப் போனார். ஆனால் கணக்கெடுக்க ஆள் வந்த அன்று யாரும் குடத்தைத் தட்டவில்லை. சின்னம்மா தன் வீட்டு அப்பரையெல்லாம் வாசலில் கொண்டுவந்து கொட்டி, ஒற்றைக் கண்ணோடு அதன் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். அதைப் பார்த்து எதிர்வீடும் கொட்டியது, பிறகு பக்கத்து வீடு.

அட்டவணை அச்சாகி வர வருஷங்கள் ஆயின. வந்த நாளில் ஆபீஸில் அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்கள் என்ற கட்டத்தில் எங்கள் வார்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. நகல் எடுத்து, ஒரு வரியும் எழுதாமல், செல்வராஜுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒரு வாரம் தூக்கம் அவ்வளவு சுகமாக வந்தது. ஆனால் மனு செத்துப்போய் எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அதை எழுப்ப முடியாது என்று வக்கீல் சொன்னார். அப்பர் தைக்கும் ஆர்டரும் மெல்ல மெல்ல மிஷினுக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டது. சின்னம்மாவிடம் பக்கத்தைக் காட்டினேன். நல்ல பேப்பர் என்றாள்.

அது அவளுக்குப் போதவில்லை என்பது போன வருஷம்தான் எனக்குத் தெரிந்தது. நான் ஊருக்குப் போயிருந்தபோது ஆட்டோவில் செல்வராஜ் வந்து இறங்கினார். தடி ஊன்றிய நடை. அவர் மனைவி ராணியும் அந்தக் காலத்தில் தைத்தவள்தானாம், கூலி இல்லாமல். இப்போது கை மடங்கவில்லை. நலவாரியத்தில் பென்ஷன் கேட்டால், தைத்தவள் என்பதற்குக் கூடவே தைத்த ஒருத்தி கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்களாம். சின்னம்மா போடுவாளா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அவரை வாசலோடு அனுப்பிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

சின்னம்மா கையால் என்னை அமர்த்தினாள். அவள் அவரை என்றைக்கும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. “ராணி தச்சது உண்மைதான், கையெழுத்துப் போடறேண்ணே. ஆனா மொதல்ல நீங்க தெருமுனையிலேர்ந்து வாங்க. ஒவ்வொரு வாசல்லயும் நின்னு, அங்க யாரு உங்களுக்குத் தச்சாங்கன்னு பேரைச் சொல்லுங்க” என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். பிறகு தடியை ஊன்றிக்கொண்டு தெருமுனைக்குப் போனார்.

முதல் வீட்டில் இப்போது செல்போன் கடை. அங்கே நின்று கன்னியம்மா என்றார். அடுத்தது பூட்டிய வீடு, மகனோடு ஒரகடம் போய்விட்டவள், மேரி என்றார். இடித்துவிட்டு மாடி கட்டிய இடத்தில் மாமியார் பெயரும் மருமகள் பெயரும் சொன்னார். செத்துப்போனவர்களின் பெயர்களைச் சொன்னார். ஒருத்தியையும் விடவில்லை, அத்தனை பேரும் அவருக்கு ஞாபகம் இருந்தார்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கேட்பதற்குத் தெருவில் பழைய ஆட்கள் யாருமே இல்லை. கடைப் பையன் மட்டும் எட்டிப் பார்த்தான்.

கடைசியில் எங்கள் வாசலுக்கு வந்தார். மூச்சு வாங்கியது. தரையைப் பார்த்துக்கொண்டு, “எஸ்தரு” என்றார்.

“கேக்கல,” என்றாள் சின்னம்மா. “சத்தமா சொல்லு.”